மூடியைத் திறந்து பார்த்தவர் – ஜி.டி. நாயுடு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள். நமக்குக் கவிதை வராது. ஜோக் எழுதினால் நான் மட்டும்தான் சிரிப்பேன். சரி, ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் மானம் போன கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தக் கட்டுரையே இல்லை.

போன வருஷம் நான் ஹாம் லைசென்ஸ் வாங்கினேன். ஹாம் என்றால் அமெச்சூர் ரேடியோ. காசுக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக, அரசாங்கத்திடம் தேர்வு எழுதி அனுமதி பெற்று, சொந்தமாக வயர்லெஸ் நிலையம் வைத்து ஊர் உலகத்தோடு பேசுவது. தேர்வுக்கு எப்படிப் படித்தேன் என்று கேட்கிறீர்களா? நம்ம செமஸ்டர் பரீட்சைக்குப் படிப்போமே, அதே மாதிரிதான்! பழைய கேள்விகளை வரிசையாக உருப்போட்டேன், எழுதினேன், பாஸ். வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறி வந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். ஆன்லைனில் ஒரு சின்ன கைச்செட்டும் வாங்கியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலுள்ள தாத்தா வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, ராஜகோபுரத்தைப் பார்த்தபடி ஸ்டைலாகச் செட்டை ஆன் செய்தேன். சத்தமே இல்லை. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும் பேட்டரியில் உயிர் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது கடையில் கொடுத்துப் பார்க்கணும் தாத்தா என்றேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒன்றும் பேசாமல் ஒரு திருப்புளியை எடுத்து வந்து சார்ஜர் ஸ்டாண்டின் அடிமூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு ஒயர், சால்டர் விட்டுப்போய்த் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்! இரண்டு நிமிஷத்தில் பற்றவைத்து மூடிவிட்டார்.

அப்புறம்தான் கேட்டார், நீ எதற்குடா லைசென்ஸ் வாங்கினாய் என்று. அலைநீளம் கண்டுபிடிக்க 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கணும் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவேன். ஆனால் மூடியைத் திறந்து பார்க்கணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து தாத்தா ஒரு மனிதரின் கதையைச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

கலங்கல் கிராமத்துப் பையன்

கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் என்றொரு கிராமம். அங்கே 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. ஊர் உலகத்துக்கு ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரையும் பள்ளிக்கூடத்துக்குப் பிடிக்கவில்லை! படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோனது. டிப்ளமோ இல்லை, டிகிரி இல்லை, ஐ.டி.ஐ. சர்டிபிகேட்கூடக் கிடையாது. நம்ம கல்லூரி அட்மிஷன் வரிசையில் நின்றிருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்காது நண்பர்களே!

இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் அந்த வண்டி அவர் மனசைப் பிடித்துக்கொண்டது. பார்த்தவர்கள் பலர், ஆச்சரியப்பட்டவர்கள் பலர். இவர் மட்டும் கோயம்புத்தூருக்குப் போய் ஓர் ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். வருஷக்கணக்கில் காசு சேர்த்தார். கடைசியில் அப்படி ஒரு மோட்டார் சைக்கிளைச் சொந்தமாக வாங்கியே விட்டார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஊரைச் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடியும் மாட்டினார். வொர்க்ஷாப் இல்லை, மேனுவல் இல்லை, சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. பல வருஷம் இலை போட்டுச் சம்பாதித்த காசு முழுவதும் தரையில் நட்டும் போல்ட்டுமாகக் கிடக்கிறது. திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் எல்லாம் போச்சு! அந்தப் பயத்தைத் தாண்டியதுதான் அவர் எழுதிய முதல் பரீட்சை. அதற்கு ஹால் டிக்கெட்டும் கிடையாது, அரியரும் கிடையாது.

ஒரு பஸ், ஒரு மோட்டார்

மெக்கானிக்காக வாழ்க்கையைத் தொடங்கிய நாயுடு, 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்ட ஆரம்பித்தார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. அந்த ஒரு பஸ்தான் சில ஆண்டுகளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ்., என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. கோவை வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டால் யு.எம்.எஸ். பஸ்ஸைப் பற்றி இன்றைக்கும் கதை சொல்லுவார்கள்.

பஸ் ஓடியது, பணமும் வந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கோவை பீளமேட்டில் அவர் நடத்திய தொழிற்சாலையிலிருந்து 1937-இல் ஒரு மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவிலேயே உள்நாட்டில் உருவான முதல் மோட்டார் என்று அதைப் போற்றுகிறார்கள். அதை உருவாக்கியதில் உடன் நின்றவர் டி. பாலசுந்தரம் நாயுடு, பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவரேதான். இன்று நம்ம வீட்டுக் கிணற்றிலும் வயலிலும் கோயம்புத்தூர் மோட்டார் ஓடுகிறது என்றால், அந்தத் தொடர்கதையின் முதல் அத்தியாயம் பீளமேட்டில் எழுதப்பட்டது என்றால் மிகையாகாது.

வெளிநாடுகளுக்குப் போனபோதும் அவர் வேடிக்கை பார்க்கப் போனவர் இல்லை. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதிச் சடங்கைத் தம் கையாலேயே படம்பிடித்தார். ஜெர்மனியில் உலர் மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த சவரக் கத்தியை உருவாக்கிக் காட்டினார். மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, சினிமா கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம்... பட்டியல் போட்டால் இந்த மலரே போதாது. விவசாயத்தையும் விட்டுவைக்கவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி என்று புது ரகங்களை வளர்த்துக் காட்டினார். நம்ம திருவானைக்காவலில் 1888-இல் பிறந்து நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி. ராமன், நாயுடுவை மனமாரப் பாராட்டியவர்களில் ஒருவர். பட்டங்களின் உச்சியில் இருந்த ஒருவர், பட்டமே இல்லாத ஒருவரின் கைவேலைக்குக் கொடுத்த மரியாதையை எண்ணிப் பாருங்கள்!

எழுபது ரூபாய் ரேடியோ

இ.சி.இ. நண்பர்களே, இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நம்ம கதை வருகிறது.

1941-ஆம் ஆண்டு. ரேடியோ என்றால் பணக்கார வீட்டுச் சாமான். பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்குவது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கிவிட்டது. பாட்டு காற்றில் வந்துவிட்டது, ஆனால் அதைப் பிடிக்கப் பெட்டி வாங்க எத்தனை பேரால் முடியும்? அப்போது நாயுடு அறிவித்தார்: ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர என்னால் முடியும் என்று.

ஐந்து வால்வு என்றால் சும்மா இல்லை. அந்தக் காலத்து சூப்பர்ஹெட் செட்டில் பொதுவாக ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு வேலை. முதல் வால்வு, ஏரியலில் வரும் அலையோடு உள்ளேயே உண்டாக்கிய இன்னொரு அலையைக் கலந்து, எந்த நிலையத்தைத் திருப்பினாலும் ஒரே இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றும். இரண்டாவது, அந்த இடைநிலை அலையைப் பெருக்கும். மூன்றாவது, அதிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுத்துக் கொஞ்சம் பெருக்கும். நான்காவது, ஸ்பீக்கரை அதிரவைக்கும் அளவுக்குச் சக்தி கொடுக்கும். ஐந்தாவது, வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கி மற்ற நாலு பேருக்கும் சாப்பாடு போடும். பின்பக்க அட்டையைக் கழற்றினால் இந்த ஐந்து பேரும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒளிர்வது தெரியும். எது எரியவில்லை என்று கண்ணாலேயே பார்க்கலாம். இன்றைக்கு இதே வேலை ஒரே ஒரு ஐ.சி.க்குள் நடக்கிறது. வேலை மாறவில்லை, பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. நாமும் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்!

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்தில் ரேடியோ கேட்பதற்கே லைசென்ஸ் வேண்டும். 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி, ரேடியோ பெட்டி வைத்திருப்பவர் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்கணும். 1980-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஸ்டாம்பு ஒட்டிய அந்தச் சின்னப் புத்தகம் இன்னும் இருக்கிறது. கேட்பதற்கு லைசென்ஸ் வாங்கிய தலைமுறை பெட்டியைப் பழுது பார்க்கவும் தெரிந்துகொண்டது. பேசுவதற்கே லைசென்ஸ் வாங்கிய நான் சார்ஜரைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அல்லவா?

நமக்காக ஒரு பாலிடெக்னிக்

1944-இல் தம் மோட்டார் தொழிலிலிருந்து ஒதுங்கிய நாயுடு, பொதுக்காரியத்தில் முழுமூச்சாக இறங்கினார். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். அவர் பெயரிலேயே கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் அதைத் தொடர்ந்து தொழில்நுட்பக் கல்லூரியும் எழுந்தன. பின்னால் நின்ற கொடையும் உழைப்பும் நாயுடுவுடையவை. 1945-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத மனிதர் அதற்கு முதல்வராக அமர்ந்தார்!

அங்கேதான் சண்டையும் வந்தது. இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் எதற்கு, இரண்டே வருஷம் போதும், மாணவனின் காலத்தை வீணாக்காதீர்கள் என்பது நாயுடுவின் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பதவியைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். படிப்பின் தரம் போய்விட்டது, பரீட்சையைக் கடுமையாக்கணும், வருஷத்தைக் கூட்டணும் என்று சொல்லுவதுதான் பெரியவர்களின் வழக்கம். இவரோ குறைக்கச் சொல்லுகிறார்! ஏன்? கையில் கருவியைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தால் இரண்டு வருஷத்தில் ஆகிற காரியத்தை, நோட்டு எழுதவைத்து நாலு வருஷம் இழுக்கிறோம் என்று அவர் நினைத்தார். வாசல் எவ்வளவு குறுகல் என்பது அவருக்குப் பெரிதில்லை. உள்ளே போன பையன் என்ன செய்கிறான் என்பதுதான் பெரிது.

லைசென்ஸ் கிடைக்காத கார்

1952-இல் இரண்டு பேர் உட்காரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் அதோடு நின்றது.

இதைப் படிக்கும்போது மனசு கனக்கிறது. அறிவு இருந்தது, பொருள் இருந்தது, காகிதம் மட்டும் இல்லை. இன்று நம்மில் பலருக்கு நேர் எதிர். காகிதம் இருக்கிறது... மற்றது? பதிலை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொள்வோம்.

காரைத் தடுத்தார்களே என்று அவர் மூலையில் உட்காரவில்லை. இளைஞர்கள் இயந்திரங்களைக் கிட்டே நின்று பார்க்கட்டும் என்று 1967-இல் தொழிற்கண்காட்சியை நிலையாக அமைத்தார். 1974 ஜனவரி 4-ஆம் தேதி, எண்பதாம் வயதில் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய ஹாம் உலகமும் நாமும்

இனி நம்ம லைசென்ஸுக்கு வருவோம். நம் நாட்டில் ஹாம் வரலாறு 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து என்பவரோடு தொடங்குகிறது. 1924 மே 16-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பை நிறுவினார். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களை வைத்து டிரான்ஸ்மிட்டரை அமைத்து, அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பு நடத்தினார்கள். பணமில்லாமல் 1927-இல் கிளப் மூடப்பட்டது. டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அரசாங்க வானொலி சென்னைக்கு வருவதற்கு முன்பே ஆர்வலர்கள் கூடி நடத்திய வானொலி அது! கிளப் பிறந்து சரியாகப் பதினைந்து வருஷம் கழித்து, அதே மே 16-இல்தான் நம்ம திருச்சி நிலையம் பிறந்தது.

அந்தக் காலத்து ஹாம் தன் செட்டைத் தானே செய்தாக வேண்டும். கடையில் கிடைக்காதே! கூடவே மோர்ஸ் தந்தி மொழியும் தெரியணும். பிறகு காலம் மாறியது. உலக நாடுகள் 2003-இல் கூடி, மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதியைத் தளர்த்தின. அமெரிக்கா 2007-இல் மோர்ஸ் தேர்வை அடியோடு எடுத்துவிட்டது. அங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஏழு லட்சத்தைத் தாண்டினார்கள். நம் நாட்டில் ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம்; ஜெனரல் கிரேடுக்கு நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை வேகம் கேட்டார்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளையும் தேர்வு எழுதலாம்.

மூத்த ஹாம்களிடம் பேசிப் பாருங்கள். லைசென்ஸ் பெருகிவிட்டது, விஷயம் தெரிந்தவன் குறைந்துவிட்டான் என்று வருத்தப்படுவார்கள். என்னைப் பார்த்தால் அது உண்மைதான்! ஆனால் மோர்ஸை எடுத்ததுதான் காரணம் என்று அவர்கள் சொல்லும்போது, நாயுடுவை நினைத்துக்கொள்கிறேன். தேர்வு கடினமாக இருந்திருந்தால் இன்னும் இரண்டு மாசம் உருப்போட்டிருப்பேன், அவ்வளவுதான். அந்த சார்ஜர் மூடி அப்படியேதான் இருந்திருக்கும். குறை வாசலில் இல்லை. வாசலைத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்ட என்னிடம் இருக்கிறது.

இது வெறும் பெருமைக்கான விஷயமும் இல்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி தாக்கியபோது அந்தமானில் தொலைபேசிகள் செத்துப்போயின. தற்செயலாகப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்த ஹாம் குழுவினர்தான் செய்திகளைக் கரைக்கு அனுப்பினார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில், கடை திறக்காத ஊரில், செட் பழுதானால் யாரிடம் கொண்டுபோவது? காவிரியும் கொள்ளிடமும் இரண்டு பக்கம் ஓடும் தீவில் வாழ்கிறவர்கள் நாங்கள். வெள்ளம் வந்த ஒரு ராத்திரியில் என் செட் ஊமையானால், லைசென்ஸை நீட்டினால் அது பேசுமா?

நாம் செய்யக்கூடியது

சும்மா புலம்பிவிட்டுப் போகக்கூடாது அல்லவா? மாணவர் மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மேஜை, நாலு சால்டரிங் அயர்ன், இரண்டு மல்டிமீட்டர் போதும். வீட்டில் செத்துக்கிடக்கும் எதையாவது கொண்டுவருவோம். சரியாகாவிட்டாலும் பரவாயில்லை, ஏன் செத்தது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மூடணும்.

இரண்டு, ஹாம் தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் தேர்வுக்கு முன்னால் தன் கையால் ஒரு சின்ன ரிசீவராவது செய்து காட்டணும். அரசாங்கம் கேட்காது. நாம் நமக்குள் கேட்டுக்கொள்வோம்.

மூன்று, ஒவ்வொரு வருஷமும் மார்ச் 23 அன்று ஜி.டி. நாயுடு பிறந்தநாளைக் கொண்டாடுவோம். மாலை, மேடை, சொற்பொழிவு வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் ஒரு மூடியைத் திறப்போம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெபாசிட்டரில் நிற்கும் சார்ஜை இறக்கிவிட்டு, ஜாக்கிரதையாகத்தான்!

கடைசியாக ஒன்று. தாத்தா வீட்டுப் பரணில் அந்த லைசென்ஸ் புத்தகத்தோடு ஒரு பழைய வால்வு ரேடியோவும் இருந்தது. அதை இறக்கித் தூசி தட்டிப் பின் அட்டையைக் கழற்றினேன். ஐந்து வால்வு! நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாகத் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, நான் வேலை செய்கிறேன். ஊதிப்போன கெபாசிட்டர்களை மாற்றினேன். எலி கடித்த ஒயர்களை மாற்றினேன். போன வாரம் ஐந்து வால்வும் மெதுவாகச் சிவந்தன. ஸ்பீக்கரிலிருந்து ஒரு இரைச்சல் வந்தது. பாட்டு இன்னும் வரவில்லை, வெறும் உர்ர்ர்... மட்டும்தான். ஆனால் தாத்தா என் முதுகில் தட்டினார். லைசென்ஸ் வந்த அன்றைக்குக்கூட அவர் அப்படித் தட்டவில்லை!

அடுத்த ஆண்டு மலருக்குள் அது பாடிவிடும் என்று நம்புகிறேன். பாடினால் எல்லோரும் ஸ்ரீரங்கத்துக்கு வாங்க. காபி எங்கள் வீட்டில்.

வாழ்க நம் மாணவர் ஒற்றுமை! வளர்க நம் கைத்திறன்!

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பிரிவு மாணவன்